முன்வாசல் வழியாக வந்த மாடு

போன வாரம், நம் கால்நடைத் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருந்தாள். காபி ஆறும் வரைக்கும் ஊர்க்கதை பேசிவிட்டு, எழுந்து போகும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் பார்க்கும் வேலை வீட்டில் பிடிக்கவில்லையாம். பெண் மாட்டு டாக்டராக இருக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூச்சமாம். ஆய்வகத்துக்கு மாற்றல் கேட்கட்டுமா மேடம் என்றாள். எனக்குப் பதில் சொல்ல ஒரு கதை தேவைப்பட்டது, அவளுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் அவளுக்கும், அவளைப் போன்ற உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஊசி போடுவது எப்படி, மருந்து கொடுப்பது எப்படி என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் வாத்தியார்கள் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

நான் அடி அண்ணாமலைக்காரி. மலை சுற்றும் பாதையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேழ்வரகும் போடுவோம். எழுபதுகளில் என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் அப்பா. பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று எல்லோரிடமும் சத்தமாகச் சொல்வார். எந்த டாக்டர் என்று கேட்பவர்களுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திப் பதில் சொல்வார். நான் படிப்பை முடிப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுப் பொறுப்பு அண்ணனிடம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலேயே, பாதையோரம் இருந்த சின்னக் கால்நடை மருந்தகத்தில். சொந்த ஊரில் சர்க்கார் வேலை என்றால் மற்ற வீடுகளில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏனென்றால் அந்த மருந்தகத்தில் பாதி வேலை, பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதுதான். பசு பருவத்துக்கு வந்தால் காளையிடம் ஓட்டிப் போகாதீர்கள், எங்களிடம் கொண்டு வாருங்கள் என்று அப்போது ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைக் கல்யாணமாகாத பெண், அதுவும் எல்லோருக்கும் தெரிந்த வீட்டுப் பெண், பட்டப்பகலில் ரோட்டோரத்தில் நின்று செய்வதா?

"வேற ஊரா இருந்தாக்கூட யாருக்கும் தெரியாம போயிருக்கும்," என்றார் அண்ணன்.

அம்மா தன் பங்குக்கு ஒரு கதை கட்டிவிட்டாள். மகள் அங்கே எழுத்து வேலை பார்க்கிறாள், ஊசி போடுவதெல்லாம் உதவியாளராக இருக்கும் பாய்தான் என்று. மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் கண்ணில் நான் படுவேனே என்று அவள் யோசிக்கவில்லை. கீரை விற்கிற அம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, "எழுத்து வேலைக்கு எதுக்கு பாப்பா இவ்ளோ சோப்பு வாங்கற?" என்று கேட்டபோதுதான் இந்தக் கதை என் காதுக்கே எட்டியது.

பாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டவுனில் பல தலைமுறையாக இருந்த குடும்பம் அவருடையது. தினமும் சைக்கிளில் வருவார். மாட்டைப் பிடிப்பது, மரச்சட்டத்துக்குள் நிறுத்துவது, வெந்நீர் வைப்பது எல்லாம் அவர்தான். அதிகம் பேசமாட்டார். நான் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒரே வார்த்தை. "டாக்டரம்மா, மாட்டுக்கு நீங்க ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது. தெரிஞ்சவங்க பேசுறதக் காதுல போட்டுக்காதீங்க." எனக்குப் பின்னால் நின்று என்னைத் தாங்கியவர்களில் முதல் ஆள் அவர். இன்றைக்கும் அவரை நினைத்தால் மனசு நிறைகிறது.

ஆனால் முதல் சில மாதங்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நான் ஊசி போட்ட மாடுகளில் பெரும்பாலானவை சினை பிடிக்கவில்லை. மருந்தகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கல்யாணமாகாத கை, அதனால் ராசியில்லாத கை. அண்ணனும் அந்தக் கடையில் டீ குடிக்கிறவர்தான். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "உங் கைல ராசி இல்லியாம். ஊரே பேசுது," என்றார். அந்த ஊர் என்பது ஒரு பெஞ்சும் நாலு கிளாஸும்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையையே நான் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

படித்ததையெல்லாம் திரும்பப் புரட்டினேன். செய்முறையில் தவறில்லை. ஒரே மாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிவந்த ஒருவரிடம், உங்கள் வீட்டில் தீவனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் தொழுவத்துக்கே போனேன். அவர் கைகழுவத் தண்ணீர் எடுக்கப் போன சமயம், அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க போட்ட ஊசில தப்பில்லீங்க," என்றார் மெதுவாக. "மாடு கத்துனது வெள்ளிக்கெழம. இவரு ஓட்டிக்கிட்டு வந்தது ஞாயித்துக்கெழம."

"வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? மாமனாரு இருக்காரு, கொழுந்தனாரு இருக்காரு. மாடு கத்துதுன்னு பொம்பள வாயால சொல்லுவாங்களா? அவங்களா பாத்துத் தெரிஞ்சிக்கிட்டாதான் உண்டு."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பருவத்துக்கு வந்த பசு விடாமல் கத்தும். அந்தப் பருவம் ஒரு முழு நாள்கூட நிற்காது. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில். எங்கள் பக்கத்து வீடுகளில் மாட்டுக்குத் தீனி போடுவது, சாணி அள்ளுவது, பால் கறப்பது எல்லாம் பெண்கள். மாடு பருவத்துக்கு வந்தது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதை ஆண்களிடம் வாய்விட்டுச் சொல்வது அடக்கமில்லை. ஆண்கள் வயலில் இருந்து வந்து, பார்த்து, புரிந்து, மாட்டை ஓட்டிவருவதற்குள் காலம் தாண்டிவிடும். அப்புறம் மாடு மலடு, இல்லை என் கை மலடு.

அந்தத் தொழுவத்தில் நின்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்காக என் வீட்டார் என்னைப் பார்த்துக் கூசினார்களோ, அதற்காகவே நான் இங்கே தேவைப்பட்டேன். ஆண் டாக்டரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லலாம்.

"இனிமே யாருகிட்டயும் சொல்ல வேணாம்," என்றேன். "கத்துச்சின்னா நீங்களே ஓட்டிக்கிட்டு வந்துடுங்க."

"முன்னாடி டீக்கடை இருக்குதுங்களே."

மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு புங்கமரமும், உடைந்த வேலியும் இருந்தன. அந்த வேலியைப் பாய் இன்னும் கொஞ்சம் உடைத்து ஒரு மாடு நுழைகிற அளவுக்கு வழி செய்தார். ஆண்கள் வயலுக்குப் போன பிறகு, மாட்டை மேய்க்க ஓட்டிப் போவதுபோலப் பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். மரத்தடியில் யாராவது தெரிந்தால் பாய் உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "டாக்டரம்மா, நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று கிளம்புவார். அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்திருப்பார். எதிர்க்கடையில் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்களை மழை, மல்லாட்டை விலை என்று ஏதாவது பேச்சில் கட்டிப்போடுவார். இங்கே பெண்களே மாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு டீ ஜாஸ்தியாகி வயிற்றைக் கெடுத்துக்கொண்டதுகூட உண்டு. எப்போது பேச வேண்டும் என்று சொல்லித்தருபவர்கள் நிறையப் பேர். எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் கம்மி.

மாடுகள் சினை பிடித்தன, கன்றுகள் பிறந்தன. தாங்கள் ஓட்டிவந்தபோது போட்ட ஊசிதான் பலித்தது என்று ஆண்கள் நினைத்துக்கொண்டார்கள். டீக்கடையும் தீர்ப்பைத் திருத்தி எழுதியது. இப்போது என் கை ராசியான கை. வந்த ராசியை எதற்குத் திருப்பி அனுப்புவது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஊரில் மாறியது வீட்டில் மாறவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பசு இருந்தது. கன்று போட்டு வெகுநாளாகியிருந்தது. பௌர்ணமி வந்தால் மலை சுற்ற வருகிறவர்களுக்கு டீ போட ஊரில் உள்ள பாலெல்லாம் போய்விடும். அன்று பால் கறக்காத தொழுவம் எங்களுடையது. மாடு கத்தும். அம்மா அண்ணனிடம் சொல்லமாட்டாள். என்னிடமோ சொல்லவே மாட்டாள். நான் பார்க்கட்டுமா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"வயசுக்கு வந்த பொண்ணு, நம்ம வூட்டு மாட்டுக்கே அந்த வேலை செஞ்சா, அப்புறம் இந்த வூட்டுப் படிய எவன் ஏறுவான்?"

ஒரு பிரதோஷத்தன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் வயலில் இருந்தார். மாடு காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. நான் மருந்தகத்துக்குப் போய் வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சிறிது நேர வேலை. யாருக்கும் தெரியாது. கன்று பிறந்தால் ஏதோ கடவுள் செயல் என்று விட்டுவிடலாம். மாட்டின் முதுகில் கை வைத்தபடி நின்றேன். அம்மா என் வேலையை மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியிருக்க, என் வேலையை நானே அம்மாவிடமிருந்து மறைத்துச் செய்தால், இது மறைக்க வேண்டிய வேலைதான் என்று நானும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். எடுத்து வந்ததைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் நான் போடாமல் விட்ட ஊசிகளில் எனக்குப் பெருமை தருவது அது ஒன்றுதான்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். டவுனில், தேரடிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு இன்னா வேலை?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல எழுத்து வேலைதாங்க," என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள்.

அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த அம்மா என் கையை இன்னும் விடவில்லை. விடாமல் இருந்ததால்தான் என்னால் அந்தப் பொய்க்குத் தலையாட்ட முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"இல்லீங்க, நான் மாட்டு டாக்டர்," என்றேன். "சினை ஊசி போடுவேன். கன்னு போட முடியாம மாடு கஷ்டப்பட்டா உள்ள கை விட்டு எடுப்பேன். இந்தக் கைதாங்க."

அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் திரும்பிச் சொன்னார். "படிச்ச பொண்ணு, உண்மையைச் சொல்லுது. எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. அந்த வேலைய மட்டும் மாத்திக்கிட்டா போதும்."

மாற்றுவதற்கு வழி இருந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் இடம் காலியாக இருந்தது. வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், கதவைச் சாத்திக்கொள்ளலாம். அண்ணன் யார் யாரையோ பார்த்து, மாற்றல் விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி.

அண்ணனைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கை வீட்டில் இருக்கும்போது அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண் வீட்டார் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "உனக்கு முடிஞ்சாத்தான் எனக்கு," என்றார். அவர் கெஞ்சி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அது என்னைக் கோபத்தைவிட அதிகமாக அசைத்தது.

சில நாட்கள் அந்தக் காகிதம் அலமாரியில் கிடந்தது. புங்கமரத்தடிக்கு வரும் பெண்களை நினைத்துப் பார்த்தேன். என் இடத்துக்கு ஓர் ஆண் வந்தால் அந்த வேலி வழி அடைபட்டுவிடும். கையெழுத்துப் போடாமல் இருக்க இது நல்ல காரணம்தான். ஆனால் உண்மையான காரணம் அது மட்டும் இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிறந்து விழுந்த கன்று தடுமாறி எழுந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கு ஈடாக வேறெதுவும் எனக்கு இல்லை. ஊருக்கு நல்லது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல அந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பழக்கமில்லை.

கடைசியில் ஒருநாள் சொன்னேன். "கையெழுத்து போட மாட்டேண்ணா. எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்கா?" என்றார் அண்ணன். "அப்ப நாங்க?"

உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் செய்தால் அதற்காக யாராவது எங்காவது நோகத்தான் செய்வார்கள். நோகாது என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அண்ணன் அதற்குப் பிறகு வெகுநாள் என்னிடம் பேசவில்லை. பாத்திரக்கடைக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "உனக்குக் கூச்சமாவே இல்லியா?"

"மாட்டுக்குக் கன்னு வேணும், வூட்டுக்குப் பால் வேணும். இதுல கூச்சம் எங்கம்மா வந்துச்சு? நீ பொய் சொல்றப்பதான் எனக்குக் கூச்சமா இருக்கு."

அவள் முறத்தைக் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசியாகச் சொல்ல வேறொன்று வைத்திருக்கிறேன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது, எனக்கு முன்னாலேயே. வழக்கத்தை மீறலாமா என்று பெண் வீட்டாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கப் போனவருக்கு, அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது ஏமாற்றமாகவே இருந்ததாம். பின்னாளில் அவரே என்னை "எங்க வூட்டு மாட்டு டாக்டரு" என்று டீக்கடையில் அறிமுகம் செய்து வைத்தார். எனக்கும் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் எருமைக்கு மருந்து கேட்டுவிட்டுத்தான் பஜ்ஜியைத் தொட்டார்கள்.

மாற்றல் கேட்கட்டுமா என்று கேட்ட பெண்ணே, ஆய்வக வேலை உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாகக் கேள். அதுவும் நல்ல வேலைதான், நம் துறைக்கு அதுவும் வேண்டும். மற்றவர்கள் கூச்சத்தை நீ வாங்கிக்கொண்டு அதற்காகக் கேட்காதே. வீட்டாரோடு சண்டை போட வேண்டும் என்றும் இல்லை. மறைக்காமல் உன் வேலையைச் செய்துகொண்டு, அவர்கள் வரும் வரை கதவைத் திறந்து வைத்திரு. வராமலும் போகலாம். என் வீட்டில் வந்தார்கள். என் சாமர்த்தியம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். கொடுத்து வைத்தவள், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லிக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு பௌர்ணமிக் காலை. மலை சுற்றுகிறவர்கள் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். டீக்கடை நிரம்பி வழிந்தது. நான் ஒரு ஆட்டுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். வெளியே திடீரென்று பேச்சு அடங்கியது. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு என்ன நினைத்தாரோ, அதை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

எங்கள் வீட்டுப் பசு, அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா. பின்பக்கம் வழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அவள் டீக்கடையைத் தாண்டி, அங்கே கிளாஸும் கையுமாக நின்ற அண்ணனையும் தாண்டி, முன்வாசல் வழியாக வந்தாள். கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள்.

"டாக்டரு இருக்காங்களா?" என்று பாயிடம் கேட்டாள். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும் குரலில். "மாடு கத்துதுங்க. நேத்து சாயந்தரத்துல இருந்து."

சரியான நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. இதையெல்லாம் எப்போது யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாட்டை மரச்சட்டத்துக்குள் நிறுத்தும்போது அவள் காதருகே போய்க் கேட்டேன். "ஏம்மா இவ்ளோ தூரம் நடந்து வந்த? சொல்லியிருந்தா வூட்லயே வந்து பாத்திருப்பேனே."

"வூட்லயே பாத்தா ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பாய் வருவதற்குள் மாட்டின் வாலை அவளே ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.